ஒரு கியூப் ஆற்று மணலின் பெறுமதி

மட்டக்களப்பில் ஒரு மதிலாவது கட்டியவருக்குக் கியூப் என்ற அளவை விளக்கத் தேவையில்லை. நூறு கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். உலர்ந்த மணலானால் நாலரைத் தொன்னை ஒட்டிய பாரம். அத்திவாரத்துக்கு இவ்வளவு, பூச்சுக்கு இவ்வளவு என்று மேசன் எழுதித் தருகிறார். நாம் விலை விசாரிக்கிறோம். டிப்பர் வந்து வாசலில் கொட்டிவிட்டுப் போகிறது. ஒரு பிரதேசத்தின் கனிய உற்பத்தியின் பெறுமதி என்றால் என்ன, அது அந்தப் பிரதேசத்து மக்களுக்கு எந்த அளவுக்கு முக்கியம் என்ற கேள்விகளுக்கு அந்தக் குவியலை வைத்தே பதில் தேடலாம்.

கனிய வளம் என்றதும் இரத்தினபுரி மாணிக்கக் குழிகளும் போகலைக் காரீயச் சுரங்கமும் புல்மோட்டைக் கடற்கரையுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. சட்டத்தின் பார்வை அவ்வளவு குறுகியதல்ல. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் மணலும் கிறவலும் களிமண்ணும் கருங்கல்லும்கூட அனுமதிப்பத்திரம் பெற்று அகழ வேண்டிய கனியங்களே. நிலம் உங்கள் பெயரில் உறுதி முடித்ததாக இருந்தாலும், அதன் அடியில் கிடக்கும் கனியம் அரசுக்கு உரியது. வியாபாரத்துக்காக அகழ நினைப்பவர் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்திடம் போயாக வேண்டும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் கிழக்கு வெறுங்கையோடு நிற்கவில்லை. முந்தனையாறும் மாதுறு ஓயாவும் மலைநாட்டின் விளிம்பிலிருந்து மணலை உருட்டிக்கொண்டு வருகின்றன. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் மேட்டு நிலங்களில் கிறவல் கிடைக்கிறது. புல்லுமலைப் பக்கத்திலும் அம்பாறையின் உட்பகுதியிலும் தலை நீட்டி நிற்கும் கருங்கற்பாறைகள், புவியியலாளர் விஜயன் தொகுதி என்று அழைக்கும் மிகப் பழைய பாறை வகையைச் சேர்ந்தவை. வயலோரக் களிமண்ணில் செங்கல் அறுக்கிறார்கள். வாகரையிலும் திருக்கோவிலிலும் கரையோர மணலில் கறுப்பு நிறக் கனிய மணல் கலந்திருக்கிறது. இவற்றுள் எதுவும் கைக்குள் அடக்கிக் கொண்டுபோய் பாங்கொக்கில் விற்கக்கூடிய மாணிக்கம் அல்ல. பெரும்பாலானவை பாரம் கூடியவை, விலை குறைந்தவை, கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பயன்படுபவை. பிரதேசப் பொருளாதாரத்தை விளங்கிக்கொள்ள இவை நல்ல பாடமாக அமைவதற்கு இந்தத் தன்மையே காரணம்.

விலையை எங்கே வைத்து அளப்பது?

உற்பத்தியின் பெறுமதி என்பது எளிய பெருக்கல்தான். அகழ்ந்த அளவை விலையால் பெருக்கினால் வருவது மொத்த உற்பத்திப் பெறுமதி. சிக்கல் 'விலை' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. ஆற்றங்கரையில் ஒரு விலை, காத்தான்குடியில் வீட்டு வாசலில் இன்னொரு விலை. எதைக் கொண்டு பெருக்குவது?

விளங்கிக்கொள்வதற்காக ஒரு கணக்குப் போடுவோம். பின்வரும் எண்கள் கணக்குக்காக நான் இட்டவை, இன்றைய சந்தை விலைகள் அல்ல. வீட்டு வாசலில் ஒரு கியூப் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 7,000 ரூபாய் லொறிக்கூலியாகவும் டீசலாகவும் வீதியிலேயே கரைகிறது. இடையில் நின்று வாங்கி விற்பவருக்கு 2,000. மிஞ்சும் 6,000 ரூபாயே ஆற்றங்கரையில் அந்த மணலுக்குக் கிடைத்த விலை. கனிய உற்பத்தி என்ற தலைப்பில் பதியப்பட வேண்டியது இந்த 6,000. மற்றவை போக்குவரத்துத் துறைக்கும் வணிகத் துறைக்கும் உரியவை. யாராவது ஒருவர் வாசல் விலையால் பெருக்கி ஒரு பெரிய தொகையைச் சொன்னால், அதில் பாதிக்கு மேல் அகழ்வின் வருமானமே அல்ல.

ஆற்றுக்கும் வாசலுக்கும் இடையிலான தூரம் இந்த விலையில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதை மண்முனையைப் பார்த்தால் உணரலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வாவியைக் கடக்கப் பாதை எனப்படும் மிதவைப் படகில்தான் ஏற வேண்டும். ஏற்றிய லொறி பாதைக்காகக் காத்து நிற்க வேண்டும், இல்லையேல் வவுணதீவால் சுற்ற வேண்டும். பாலம் வந்த பிறகு படுவான்கரையில் கிடைக்கும் கிறவலும் மணலும் வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரைக்கு வரும் செலவு இறங்கியது. ஆற்றில் ஒரு மணல்துகள்கூட மாறவில்லை. ஆனால் அதை அகழ்வது இலாபமா நட்டமா என்ற கணக்கு மாறிவிட்டது. பாரமான, மலிவான கனியம் ஒன்றின் பெறுமதியில் பாறையை விட வீதிக்கே அதிக பங்கு.

விலை என்னும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022இல் நாட்டின் பணவீக்கம் செப்டெம்பர் மாதத்தில் எழுபது சதவீதத்தை நெருங்கியது. டீசல் கிடைக்கவில்லை, கிடைத்தபோது விலை ஏறியிருந்தது. அரைகுறையாக நின்ற வீடுகளை ஊருக்கு ஊர் பார்த்தோம். அப்படிப்பட்ட ஆண்டில் அகழ்ந்த கியூப்கள் குறைந்திருந்தாலும், விலை ஏற்றம் ஒன்றே மொத்தப் பெறுமதியைக் கடந்த ஆண்டை விட உயர்த்திக் காட்டிவிடும். இதனால்தான் தொகைமதிப்பு, புள்ளிவிபரவியல் திணைக்களம் தேசிய கணக்குகளை நடைமுறை விலையிலும் ஓர் அடியாண்டின் விலைகளை மாற்றாமல் வைத்துக் கணிக்கும் நிலையான விலையிலும் தனித்தனியே தருகிறது. இப்போது அந்த அடியாண்டு 2015. உற்பத்தி உண்மையில் கூடியதா என்று அறிய விரும்புபவர் நிலையான விலை அட்டவணையையே புரட்ட வேண்டும்.

போடியாரின் கணக்கு

ஆற்றங்கரையில் கிடைத்த 6,000 ரூபாயும் புதிதாகப் பிறந்த பெறுமதி அல்ல. வேளாண்மை செய்யும் எந்தப் போடியாரும் இதை ஒரு நொடியில் சொல்லிவிடுவார். நெல்மூட்டையை விற்ற காசு முழுவதையும் அவர் வருமானம் என்று எண்ணுவதில்லை. விதைநெல், உரம், எண்ணெய், உழவுக்கூலி, வெட்டும் இயந்திரத்தின் வாடகை எல்லாம் கழித்த பிறகே கையில் நின்றது எவ்வளவு என்று பார்ப்பார். பொருளியலாளர் பெறுமதி சேர்ப்பு என்று சொல்வது அந்தக் கழித்தலைத்தான். நாம் கடையில் செலுத்தும் பெறுமதி சேர் வரியின் அடிப்படையும் இதுவே.

நமது ஒரு கியூபில் இயந்திரத்துக்கான டீசலும் உதிரிப்பாகங்களும் 1,800 ரூபாய் என்போம். அவை வேறு எங்கோ உற்பத்தியானவை, வேறொரு கணக்கில் ஏற்கனவே ஏறியவை. அவற்றைக் கழித்தால் 4,200 ரூபாய் மிஞ்சுகிறது. அகழ்வு என்ற தொழில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்த்தது இவ்வளவே. அந்த 4,200 மூன்று கைகளுக்குப் பிரிகிறது. தொழிலாளருக்குக் கூலியாக 1,500, அரசுக்கு றோயல்டியும் (அகழ்ந்த கனியத்துக்கான உரிமைத்தொகை) கட்டணங்களுமாக 400, அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவருக்கு இலாபமாக 2,300.

ஆண்டுக்கு 5,000 கியூப் அகழும் ஓர் இடத்தை எடுத்தால், மொத்தப் பெறுமதி மூன்று கோடி ரூபாய். பெறுமதி சேர்ப்பு இரண்டு கோடியே பத்து இலட்சம். கூலி எழுபத்தைந்து இலட்சம். மூன்றும் சரியான எண்கள். மேடையில் பேசுபவர் எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைக் கேட்பவர் கவனித்தே ஆக வேண்டும்.

போடியாருக்கும் மணல் அகழ்பவருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அறுவடை முடிந்தாலும் வயல் அங்கேயே கிடக்கிறது, அடுத்த போகத்துக்கு மீண்டும் விளையும். கிறவல் குழியில் அடுத்த போகம் என்று ஒன்று இல்லை. கனிய வருமானத்தில் ஒரு பகுதி உண்மையில் வருமானமே அல்ல, சொத்தை விற்ற காசு. தேசிய கணக்கு அதை வருமானமாகவே எழுதுகிறது. மாவட்டக் கணக்கை நாமாகப் போடும்போது அந்தத் தவறைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

ஊரில் எவ்வளவு தங்குகிறது?

நாட்டின் கணக்கில் 4,200 ரூபாய் எங்கே போனாலும் அது 4,200தான். பிரதேசத்தின் கணக்கு அப்படியல்ல. அனுமதிப்பத்திரக்காரர் ஏறாவூரில் குடியிருந்தால் அவருடைய இலாபத்தின் பெரும்பகுதி ஏறாவூர்க் கடைகளிலும் செங்கலடிக் காணிகளிலும் சுற்றும். அவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு நிறுவனத்தின் முகவர் மட்டுமே என்றால் 2,300 ரூபாயும் அன்றைக்கே மாவட்ட எல்லையைத் தாண்டிவிடும். அரசுக்குரிய 400 மத்திய அரசின் கையில் சேர்கிறது. ஊரில் தங்குவது கூலி 1,500 மட்டுமே. ஆற்றங்கரை விலையில் நான்கில் ஒரு பங்கு அது.

அந்தக் கூலியும் எப்போதும் அதே அளவில் நிற்பதில்லை. கையால் மணல் ஏற்றும் ஒரு துறையில் காலையில் சற்று நின்று பார்த்தால் இது விளங்கும். உழவு இயந்திரம் பெட்டியோடு ஆற்றுக்குள் இறங்குகிறது. இரு பக்கமும் ஆட்கள் நின்று சவளால் அள்ளி வீசுகிறார்கள். ஈர மணல் உலர்ந்ததை விடப் பாரம் கூடியது, ஒவ்வொரு சவளுக்கும் இடுப்பு வளைந்து நிமிர வேண்டும். பெட்டி நிறைந்ததும் பின்கதவின் இடுக்கால் தண்ணீர் ஒழுக ஒழுக அது கரையேறுகிறது, அடுத்த பெட்டி இறங்குகிறது. பெட்டிக்கு இவ்வளவு என்பதே கூலி. ஆறு பெருகும் மார்கழியில் கூலியும் இல்லை. கடினமான பிழைப்புத்தான், ஆனாலும் அந்தக் காசு அன்று மாலையே ஊர்க்கடைக்கு வருகிறது. அதே இடத்தில் ஒரு பெக்கோ இயந்திரம் இறங்கினால் சில நிமிடங்களில் டிப்பர் நிறைந்துவிடும். உற்பத்தி பல மடங்கு கூடும், மொத்தப் பெறுமதியும் கூடும். சவள் பிடித்தவர்களின் இடத்தில் ஓர் இயக்குநர் அமர்ந்திருப்பார். மாவட்டத்தின் கனிய உற்பத்திப் பெறுமதி உயர்ந்ததாகப் பதிவாகும் அதே ஆண்டில், அதனால் பிழைத்த வீடுகளில் அடுப்பு எரிவது குறையலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லாத புள்ளிவிபரம் பாதி உண்மையையே சொல்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

வரி விடயத்திலும் ஒரு பொருத்தமின்மை இருக்கிறது. மணல் டிப்பர்கள் ஓடித் தேய்ப்பவை பெரும்பாலும் பிரதேச சபைகளுக்குரிய கிராமத்து வீதிகள். அவற்றுக்கு மீண்டும் கிறவல் போடுவது பிரதேச சபையின் தலையில் விழுகிறது, றோயல்டியோ மத்திய அரசுக்குப் போகிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம், நாடாளுமன்றம் சட்டத்தால் விதிக்கும் எல்லைக்குள் கனிய உரிமைகள் மீது வரி விதிப்பதை மாகாண சபைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கிழக்கு மாகாணத்தில் கனியம் பற்றிப் பேசும் அரசியல்வாதிகள் இந்த ஒரு வரியை இன்னும் அடிக்கடி எடுத்துப் பேச வேண்டும்.

சிறிய எண், பெரிய பொருள்

இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கனிய அகழ்வும் கற்குடைவும் பெறும் பங்கு ஏறத்தாழ இரண்டு சதவீத அளவிலேயே இருந்துவருகிறது. இந்த எண்ணைப் பார்த்து, கனியம் ஒரு பொருட்டே அல்ல என்று முடிவு கட்டினால் அது பெரும் பிழை. செங்கல் அறுப்பது கைத்தொழில் உற்பத்தியில் ஏறுகிறது. டிப்பர் ஓட்டம் போக்குவரத்தில் ஏறுகிறது. வீடும் பாலமும் நிர்மாணத்தில் ஏறுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் அடியில் மணலும் கல்லும் கிடக்கின்றன. மணல் இல்லாமல் கொங்கிறீட் இல்லை, கிறவல் இல்லாமல் வீதி இல்லை. விலை குறைவாக இருப்பதற்கு ஒரு முக்கிய காரணம் அவை தாராளமாகக் கிடைப்பதுதான். ஒரு மாதம் கிடைக்காமல் போனால்தான் அதன் உண்மையான முக்கியத்துவம் எல்லோருக்கும் தெரியவரும்.

நமது மாவட்டங்களுக்கு இதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோன கரையோரம் முழுவதையும் மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. போர் முடிந்த பிறகு வீதிகள், பாடசாலைகள், வீட்டுத்திட்டங்கள் எல்லாம் ஒரே காலத்தில் எழுந்தன. 1924இல் அமைத்த பழைய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் வந்தது. இவ்வளவுக்குமான மணலும் கல்லும் வானத்திலிருந்து வரவில்லை. படுவான்கரையின் ஆறுகளும் குன்றுகளும் கொடுத்தவையே அவற்றுள் பெரும்பகுதி. மணல் அகழ்வையே தடைசெய்ய வேண்டும் என்று கோபத்தில் பேசுபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாததற்கு இதுவே காரணம். அவர்களும் அந்த மணலில் கட்டிய வீட்டில்தான் வாழ்கிறார்கள், நானும் அப்படித்தான்.

உலக அளவிலும் நிலைமை இதுவே. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் நிகழ்ச்சித்திட்டம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்கு 5,000 கோடித் தொன் மணலும் சரளையும் பயன்படுத்தப்படுவதாக மதிப்பிட்டது. தண்ணீருக்கு அடுத்தபடியாக மனிதர் மிகக் கூடுதலாகப் பயன்படுத்தும் இயற்கை வளம் அதுதான். பாலைவன மணலின் துகள்கள் காற்றில் உருண்டு வழுவழுப்பாகிவிடுவதால் கொங்கிறீட்டுக்கு ஏற்றவையாக இருப்பதில்லை. ஆற்று மணலுக்கு மாற்றாகக் கருங்கல்லை அரைத்து எடுக்கும் மணலும், முத்துராஜவெலவில் செய்வது போல கடலடியிலிருந்து எடுத்து உப்பு நீக்கிய மணலும் இருக்கின்றன. இரண்டுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவே ஆற்று மணலின் விலைக்கு மறைமுகமான ஒரு மேல் எல்லை.

கறுப்பு மணல்

கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைட் வேறு வகையான பாடம். இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த இந்தக் கனியத்திலிருந்து எடுக்கும் டைட்டேனியம் டயொக்சைட்தான் நம் சுவர்களில் பூசும் வெள்ளை நிறப்பூச்சுக்கு வெண்மை தருகிறது. திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டையில், இல்மனைட்டோடு றூட்டைலும் சிர்கோனும் செறிந்த, உலகத் தரமான ஒரு படிவு இருக்கிறது. அதற்கான அரச கூட்டுத்தாபனம் 1957இல் உருவானது. இன்றுவரை அங்கு நடப்பது பெரும்பாலும் மணலைப் பிரித்தெடுத்துக் கப்பலில் ஏற்றுவதே. நிறமியாக மாற்றும் வேலை, அதனால் வரும் கூடுதல் பெறுமதி, அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்ற பொறியியலாளர்களின் சம்பளம் எல்லாம் வாங்கும் நாட்டில் பிறக்கின்றன. பிறகு அதே டைட்டேனியம் வாளியில் நிறைந்த பூச்சாகத் திரும்பி வந்து நம்மிடம் விற்பனையாகிறது.

வாகரை, கதிரவெளி, திருக்கோவில் மக்கள் இல்மனைட் அகழ்வுக்கு எதிராகக் குரல் எழுப்பியபோது, அபிவிருத்திக்குத் தடையாக நிற்கிறார்கள் என்று சிலர் குறைகூறினார்கள். இதுவரை பார்த்த கணக்குகளை வைத்து அந்த மக்களின் நிலையில் நின்று யோசியுங்கள். விற்கும் விலையைத் தீர்மானிப்பது உலகச் சந்தை. இயந்திரங்கள் வெளியிலிருந்து வரும். இலாபம் வெளியே போகும். பிரித்தெடுப்பதற்கு அப்பால் ஒரு பெறுமதி சேர்ப்பும் ஊரில் நடக்காது. கிடைக்கப்போவது சில நாட்கூலி வேலைகள். கொடுக்கப்போவது கரைவலை இழுக்கும் கரையும், குடிதண்ணீரைத் தாங்கி நிற்கும் மணல்மேடும். கரையோர மணல்மேட்டின் அடியில் மழைநீர் ஒரு நன்னீர்ப் படையாக உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேட்டைக் கலைத்தால் கிணறு உவர்க்கிறது. நாட்டின் ஏற்றுமதி வருமானம் என்ற ஒரே எண்ணை அவர்களிடம் காட்டினால் போதாது, ஊரின் வரவுசெலவையும் காட்ட வேண்டும்.

விலையில் ஏறாத செலவுகள்

கரையோர மணல் கிடந்த இடத்திலேயே செய்யும் வேலைக்கு எந்தச் சந்தையும் விலை குறிப்பதில்லை. அதன் பெறுமதியை ஒலுவில் மக்கள் கசப்போடு அறிந்துகொண்டார்கள். அங்கு நடந்தது அகழ்வல்ல, துறைமுகம் கட்டியது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அலைதடுப்புச் சுவர் மறித்தது. துறைமுக வாயிலில் மணல் அடைத்தது, துறைமுகத்துக்கு வடக்கே கடல் நிலத்தை விழுங்கியது. தென்னைகள் சாய்ந்தன, மீனவர் வாடி அடிக்க இடமின்றிப் போனார்கள். கரைக்கு வந்து சேர வேண்டிய மணல் வராமற்போனால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆற்றிலிருந்து அளவுக்கு மிஞ்சி மணலை எடுப்பதும் கடற்கரைக்கு அதே பற்றாக்குறையைத்தான் உண்டாக்குகிறது. ஆறு கொண்டுவந்து கொட்டினால்தான் கடற்கரைக்கு மணல்.

வடகீழ்ப் பருவமழை வெள்ளம் ஆண்டுதோறும் புதிய மணலைக் கொண்டுவந்து சேர்க்கிறது, ஆகவே இது தீராத வளம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதி சரி. ஆனால் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் பின்னர் மகாவலித் திட்டத்தில் மாதுறு ஓயாவில் எழுந்த அணையும் மேலேயிருந்து வரும் மணலில் பெரும்பங்கைத் தம் குளங்களிலேயே நிறுத்திவிடுகின்றன. வெள்ளம் கொண்டுவருவதை விட அதிகமாக எடுக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஆற்றின் படுக்கை கீழே இறங்குகிறது. படுக்கை இறங்கினால் கரையோரக் கிணற்றின் நீர்மட்டமும் அதைப் பின்தொடர்கிறது. கோடையில் வாவியின் உப்புநீர் ஆற்றுக்குள் இன்னும் தூரம் ஏறுகிறது. வயலுக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய் எட்டாமல் போகிறது. கரை இடிந்து வயலின் வரம்பு ஆற்றோடு போகிறது. இந்த நட்டங்களைச் சுமப்பவர் மணல் விற்றவர் அல்ல, வாங்கியவரும் அல்ல. பொருளியலில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். கியூப் ஒன்றின் விலை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், அந்த விலையின் ஒரு பகுதியை ஆற்றோரத்து விவசாயி தன் கையிலிருந்து செலுத்துவதுதான்.

கற்குடைவின் செலவு சில வேளைகளில் உயிராகவே இருந்திருக்கிறது. 2010 செப்டெம்பர் 17 அன்று கரடியனாறு பொலிஸ் நிலைய வளாகத்தில், வீதி நிர்மாணத்துக்கென வைத்திருந்த வெடிபொருள்கள் வெடித்துச் சிதறி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பதுளை வீதியால் போகும்போது அந்த இடத்தைக் கடக்கும் எவரும் சல்லிக்கல்லின் விலையை வெறும் ரூபாயில் எண்ணமாட்டார்கள்.

அனுமதிப்பத்திர முறை இருப்பது இந்தச் செலவுகளைக் கட்டுக்குள் வைக்கத்தான். எவ்வளவு, எந்த வாகனத்தில், எங்கிருந்து என்பது எழுத்தில் இருந்தால்தான் ஆற்றுக்கு என்ன நடக்கிறது என்று கணக்குப் பார்க்க முடியும். 2019 டிசம்பரில் மணல் கொண்டுசெல்வதற்கான அனுமதிப்பத்திரத்தை அரசு நீக்கியபோது, சிறு லொறிக்காரர்களின் அலைச்சல் குறையும் என்று காரணம் சொல்லப்பட்டது. அலைச்சல் உண்மை. ஆனால் அந்தத் தாளோடு சேர்ந்து, சட்டவிரோதமாக அள்ளுபவரை வழியில் பிடிக்கும் வாய்ப்பும் போய்விட்டது. அடுத்த ஆண்டே விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. சட்டவிரோதமாக எடுக்கும் மணலுக்கு இன்னொரு கேடும் உண்டு. அது உற்பத்திப் புள்ளிவிபரத்தில் ஏறுவதே இல்லை. எனவே மாவட்டத்தின் கனிய உற்பத்தி குறித்து நாம் படிக்கும் எந்த எண்ணும் ஆறு உண்மையில் இழந்ததை விடக் குறைவானது.

குழி மிஞ்சும்போது

1977இல் கனடாவின் பொருளியலாளர் ஜோன் ஹார்ட்விக் ஒரு விதியைச் சொன்னார். தீர்ந்துபோகும் வளத்திலிருந்து வரும் மிகை வருமானத்தைத் தின்று தீர்க்காமல், பாடசாலையாகவோ வீதியாகவோ தொழிற்சாலையாகவோ வேறு சொத்தாக மாற்றி வைத்தால் மட்டுமே அடுத்த தலைமுறைக்கு வாழ்க்கைத்தரம் குறையாது என்பது அதன் சாரம். பசுபிக் சமுத்திரத்தின் நவுறுத் தீவு இதைச் செய்யத் தவறியது. பொஸ்பேற் விற்ற காலத்தில் செல்வத்தில் கொழித்த அந்தத் தீவில், பொஸ்பேற் தீர்ந்தபோது நடுப்பகுதி முழுவதும் சுரண்டிய பாறையாகக் கிடந்தது, காசும் கையில் இல்லை.

நமது அளவில் ஹார்ட்விக்கின் விதி கிறவல் குழியிலிருந்தே தொடங்குகிறது. வீதி போட்டு முடிந்த பிறகு கைவிட்ட குழிகள் மாரியில் நிறைந்து நிற்கின்றன. செங்குத்தான ஓரம், ஆழம் தெரியாத கலங்கல் தண்ணீர். மாடு இறங்கினால் ஏற முடியாது, குளிக்கப் போகும் பிள்ளைகளும் அப்படித்தான். ஓரங்களைச் சரித்து, மேல்மண்ணை மீண்டும் பரப்பி ஒழுங்காக விட்டால் அதே குழி கால்நடைக்குத் தண்ணீர்க் குளமாகவும் நன்னீர் மீன் வளர்ப்புக்கு இடமாகவும் ஆகலாம். அகழ்ந்த நிலத்தை மீளமைப்பது அனுமதிப்பத்திரக்காரரின் கடமை. அதற்குப் பிணையாக முன்கூட்டியே ஒரு தொகை வைப்பதும் சட்ட ஏற்பாட்டில் உண்டு.

அந்தத் தொகை போதுமா என்று எவரும் கணித்துப் பார்க்கலாம். இரண்டு ஏக்கரில் பத்து அடி ஆழத்துக்குத் தோண்டிய ஒரு குழியின் கொள்ளளவு 871,200 கன அடி. அதை முழுமையாக நிரப்ப 8,712 கியூப் மண் வேண்டும். பாதியை நிரப்பி ஓரங்களைச் சரிப்பது என்றாலும் நான்காயிரம் கியூபுக்கு மேல். அந்த மண்ணின் விலையை ஒரு பக்கத்திலும் வைப்பில் இட்ட பிணைத்தொகையை மறுபக்கத்திலும் எழுதினால், அந்தக் குழியை மூடுவதற்கான காசு உண்மையில் எங்காவது இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். உங்கள் ஊரில் வழங்கிய அனுமதிப்பத்திரத்தின் அளவு, காலம், பிணைத்தொகை ஆகிய மூன்றையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கோரிக்கையைத் தமிழிலேயே எழுதலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.